விரல் பட்ட பக்கம்

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தொழிலுக்கு இது ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். சுற்றி உட்கார்ந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ‘என்னைக் கொஞ்சம் ஒல்லியாக்கு’ என்று கேட்கும் இடத்தில் கோபமே வராதவரைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பேன் நான். எனக்கு அவள் பக்கத்து மேசை. முகங்களில் பரு நீக்குவது என் வேலை.

அக்காவின் பழைய லேப்டாப் உயிரை விட்டதும், அவள் தம்பி புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். டச் ஸ்கிரீனாம். ஒரு படத்தை விரலால் இழுத்துக் காட்டி, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி பல்லைக் காட்டினான்.

“போன்ல எல்லாம் தொட்டுத்தானேக்கா பண்றோம்?”

“போன் கையில இருக்குடா. இது மேசை மேல இருக்கு. நாள் பூரா கையத் தூக்கிட்டே இருக்க நான் என்ன பஸ்லயா நிக்கிறேன்?”

அவள் சொன்னது நியாயம்தான். ஒரு தட்டு தட்டினால் திரை தலையாட்டியது. தோள் வலித்தது. வெளிச்சத்தில் திரை முழுக்கக் கைரேகை. அதைவிடக் கொடுமை, எங்கள் வாடிக்கையாளர்கள். விரலால் திரையைக் குத்தாமல் பேசவே தெரியாதவர்கள். பழைய லேப்டாப்பில் எவ்வளவு குத்தினாலும் ஒன்றும் ஆகாது. இதில் ஒரு சித்தி குத்தினால் ஒரு சித்தப்பா காணாமல் போனார். டச்சை அணைத்துவிடு என்று நானும் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

“வர்றப்பெல்லாம் ஆசையா தொட்டுப் பாக்கிறான்டி. அணைச்சு வச்சா மூஞ்சி வாடிடும்,” என்பாள். ஊரையே திட்டுகிற வாய், தம்பி விஷயத்தில் மட்டும் மூடிக்கொள்ளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாடிக்கையாளர் ‘சரி’ என்று சொன்ன பிறகு பக்கங்களைத் திரும்பப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திருத்தும். பிறகு ‘நான் சரின்னு சொன்னது இது இல்லையே’ என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் சரி என்றதும் ஒரே அழுத்து, பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விடும். ஆல்பமும் உறை பிரிக்காமல்தான் வாடிக்கையாளர் கைக்குப் போகும்.

அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள், மாமியாரோடு. கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே அவள் அப்பா இறந்துவிட்டார். கல்யாணப் படங்களில் ஒன்றில் மட்டும் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். மற்றதில் எல்லாம் விருந்தாளிகளை எண்ணுகிற முகம். “அம்மா இந்தப் படத்துக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க,” என்றாள். அக்கா அதைப் பக்கத்தின் ஓரமாகப் பெரிதாக வைத்துக் கொடுத்தாள்.

“சரிக்கா,” என்று எழுந்தவள், மறுபடி குனிந்து திரையில் அப்பாவின் கன்னத்தைத் தடவினாள். அந்த நேரம் பார்த்து மாமியார் தன் இரட்டைத் தாடையைப் பற்றி அக்காவிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சமாளித்துவிட்டு, திரையைப் பாராமலே அக்கா அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

ஆல்பம் வந்தது. அந்தப் பெண் எங்கள் முன்னால்தான் உறையைப் பிரித்தாள். அந்தப் பக்கத்தில் அப்பாவுக்குப் பாதி முகம்தான் இருந்தது. ஒரு கண், பாதிச் சிரிப்பு. மீதியை அச்சகத்தில் ஓரம் வெட்டும் கத்தி கொண்டுபோயிருந்தது.

“எங்கப்பாவ வெட்டிட்டீங்களே!” அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆல்பத்தை மேசை மேல் போட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள்.

எனக்கு அந்தத் தடவல் ஞாபகம் வந்தது. சொன்னேன். அக்கா பக்கத்தைத் திறந்து, படத்தைப் பழைய இடத்தில் வைத்து, அவர் கன்னத்தை மெல்லத் தடவினாள். படம் வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வெளியே போனது. அப்போது பார்த்துத் தம்பியும் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஒரே நிம்மதி.

“அப்ப தப்பு அவங்க மேலதானேக்கா? நாளைக்கு வந்தா சொல்லிடலாம்.”

“என்னடா சொல்லுவ? உங்கப்பாவ நீயேதான் வெட்டினன்னா? செத்துப்போன அப்பாவத் தடவிக் கொடுத்தது தப்பாடா?” மேசையில் அவள் அடித்த அடியில் அந்த வெட்கங்கெட்ட திரை மறுபடி தலையாட்டியது. “தொட்டா நகர்ற மாதிரி ஒண்ணு வேணும்னு யாருடா கேட்டா? உன் மூஞ்சி வாடுமேன்னு விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

அவன் கண்ணெதிரிலேயே டச்சை அணைத்தாள். அவன் முகம் வாடியது. நன்றாக வாடட்டும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் அந்தப் பெண் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எப்படிக்கா இப்படி ஆச்சு?”

“என் கை பட்டுடுச்சும்மா,” என்றாள் அக்கா.

“கை பட்டுடுச்சா? அவ்வளவு அலட்சியமா? உங்க வீட்டுப் படமா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?” நிறுத்தாமல் பொரிந்து தள்ளினாள். அக்காவின் காது சிவந்துவிட்டது. எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா திருத்திய பக்கத்தைத் திறந்து வைத்தாள். சிரிப்பு முழுதாக இருந்தது. அந்தப் பெண்ணின் விரல் தானாகத் திரைக்குப் போனது. நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் அப்பாவின் கன்னத்தைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

“இனிமேலாவது இவர் மேல கை படாமப் பாத்துக்கங்க,” என்றாள் அவள், விரலை எடுக்காமலே.

“சரிம்மா,” என்றாள் அக்கா.