இரண்டரை மில்லிமீட்டர்

பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுப் பிரிவில் இருந்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது வழங்கியதில்லை. எல்லோருக்கும் அவர் ஸ்கேல் அம்மா. ஆறு வருடம் முடி கொட்டி, கண் கெட்டு, வீட்டில் சண்டை போட்டு எழுதிய ஆய்வேட்டைச் சுமந்து வருகிறவர்களிடம் அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: வரைபடங்களில் இருக்கும் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம் இருக்கிறதா? உள்ளே உலகத்தையே புரட்டிப் போட்டிருந்தாலும் சரி, ஊரான் எழுதியதை உருவியிருந்தாலும் சரி, அது பேராசிரியர்கள் பாடு. எழுத்து குறைந்தாலும் கூடினாலும் ஏடு திரும்பும்.

எஃகு ஸ்கேல், பூதக்கண்ணாடி, சிவப்புப் பேனா. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இந்த மூன்றும்தான் அவருடைய ஆயுதங்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருடைய கணவருக்கு இதில் மனக்குறை எதுவும் இல்லை. "நீ திருப்பி அனுப்பறவங்க பாதிப் பேரு நேரா என் கடைக்குத்தான் வர்றாங்க. நல்லா அனுப்பு" என்பார்.

இப்படியிருக்கையில் கொசு ஆராய்ச்சிக்காரர் வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சாக்கடைகளில் எட்டு வருடம் குனிந்து நின்றவர், ஸ்கேல் அம்மாவின் மேசை முன்னால்தான் முதுகு ஒடிந்து நின்றார்.

"மூணாவது அத்தியாயத்துல எழுத்து ஒண்ணே முக்கால் சொச்சம். அஞ்சாவதுல சரியா இருக்கு. ஒரே ஆளு வரைஞ்ச படமா சார் இது?"

"எல்லாத்துக்கும் எழுத்து அளவு பத்துன்னுதான் மேடம் போட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா!"

"சத்தியத்த அளக்க எங்கிட்ட ஸ்கேல் இல்ல சார்."

மூன்று முறை திரும்பியது ஏடு. நான்காம் முறை மனிதர் ஏட்டோடு மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். படம் வரையும் மென்பொருளைத் திறந்து காட்டினார். இரண்டு படங்களிலும் எழுத்தின் அளவு பத்து என்றே இருந்தது. ஸ்கேல் அம்மாவுக்குக் கண்ணை நம்பிப் பழக்கமில்லை. இரண்டையும் தன் அலுவலக அச்சுப்பொறியிலேயே எடுக்கச் சொல்லி அளந்தார். ஒன்று இரண்டரை. மற்றது ஒன்று புள்ளி ஒன்பது.

விஷயம் இதுதான். அந்த மென்பொருளுக்குள் படம் வரையும் கைகள் இரண்டு. கோட்டுப் படங்களை வரைகிற கை, பத்து என்றால் அச்சுக்காரர்களின் 'பாயிண்ட்' கணக்கில் பத்து என்று எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட கொசு வரைபடங்களை நிழற்படமாகச் சேமிக்கிற கை, அதே பத்தைத் திரையின் 'பிக்சல்' கணக்கில் பத்து என்று எடுத்துக்கொண்டது. பின்னது முன்னதைவிடக் கால் பங்கு குறைவு. மாமியார் படியும் மருமகள் படியும் ஒரே வீட்டில் புழங்கினால் சோறு எப்படி வேகும்?

"உங்க தப்பு இல்ல சார்" என்றார் ஸ்கேல் அம்மா. அந்த மேசையில் அப்படியொரு வாக்கியம் அதற்கு முன் ஒலித்ததில்லை.

ஆராய்ச்சிக்காரர் போன பிறகு ஸ்கேல் அம்மாவுக்கு வேலை ஓடவில்லை. 'பத்துதான் போட்டேன்' என்று இதற்குமுன் சொன்ன முகங்கள் வரிசையாக வந்தன. அதிலும் ஒரு பெண். இயற்பியல். மூன்றாம் முறை திருப்பியதும் அழாமல் ஏட்டை வாங்கிக்கொண்டு போனவள், அப்புறம் வரவே இல்லை. பழைய பதிவேட்டில் எண்ணைத் தேடி அழைத்தார்.

"உங்க எழுத்து சின்னதானதுக்கு மென்பொருள்தாம்மா காரணம். மறுபடி கொண்டு வாங்க."

"அதையெல்லாம் எப்பவோ விட்டுட்டேன் மேடம். இப்ப நீச்சல் சொல்லிக் குடுக்கறேன்" என்றாள் அவள். பின்னணியில் பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளமிடும் சத்தம் கேட்டது. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று ஸ்கேல் அம்மாவுக்குத் தோன்றியது.

மறுநாளே ஆராய்ச்சிக்காரரை வரவழைத்து, மென்பொருள்காரர்களின் புகார்ப் பக்கத்தைப் பார்த்தார். இதே புகார் ஒன்பது வருடமாக அங்கே திறந்து கிடந்தது. 'எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது' என்று ஒருவர். 'இது பிழையல்ல, இயல்பு' என்று ஒருவர். 'யாராவது சரிசெய்தால் நன்றாயிருக்கும்' என்று, சரிசெய்ய வேண்டியவரே.

ஸ்கேல் அம்மா தனக்குத் தெரிந்த ஒரே நடையில் பதில் சொல்லச் சொல்ல, ஆராய்ச்சிக்காரர் தட்டினார். பொருள்: எழுத்து உயரம் குறைதல், தொடர்பாக. இணைப்பு: கொசு ஆய்வேட்டின் நாற்பத்தோரு படங்களின் அளவுகள், மில்லிமீட்டரில். மேற்கண்ட குறைபாட்டைக் களைந்து அறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று பதில் கேள்வி வந்தது. "பதினஞ்சு சென்டிமீட்டர், எஃகுன்னு போடுங்க சார்" என்றார் அவர்.

ஒன்பது வருடம் தூங்கியவர்களை நாற்பத்தோரு அளவுகள் எழுப்பிவிட்டன. மறுக்க முடியாத எண்களைப் பார்த்தால் கணினிக்காரர்களுக்கும் வெட்கம் வரும் போலிருக்கிறது. மூன்றாம் மாதம் புதிய பதிப்பு வந்தது. எங்கும் பத்து என்றால் பத்து.

அதற்கடுத்த வாரம் ஆய்வேட்டுப் பிரிவின் வாசலில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. விவரம் தெரிந்த ஆய்வாளர்கள் இத்தனை வருடமும் சத்தமில்லாமல் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள்: பதின்மூன்று என்று போட்டால் பத்து வரும். இப்போது பதின்மூன்று என்று போட்டால் பதின்மூன்றே வந்தது. சிவப்புப் பேனா இரண்டு நாளில் தீர்ந்தது.

வரிசையில் கொசு ஆராய்ச்சிக்காரரும் நின்றார். வழிகாட்டிப் பேராசிரியர் வெளிநாடு போயிருந்ததால் கையெழுத்துக்கு மூன்று மாதம் காத்திருந்தவர், அதற்குள் அந்தக் குறுக்குவழியைப் பிடித்து, மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டதைக் கவனிக்காமல் அச்செடுத்திருந்தார்.

"மூணு புள்ளி மூணு" என்று ஸ்கேல் அம்மா ஏட்டைத் தள்ளினார்.

"இத சரிபண்ணச் சொன்னதே நாமதான மேடம்!"

"ஆமா. அவங்க சரிபண்ணிட்டாங்க. இப்ப தப்பு உங்களது."

மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள், இந்த நிலைமைக்குக் காரணமான மகராசன் யாரோ என்று சபித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேல் அம்மா நிமிராமல் அடுத்த ஏட்டை இழுத்தார். ஆராய்ச்சிக்காரர் வியாழக்கிழமை பத்து என்று போட்டு எடுத்து வந்தார். ஸ்கேல் அம்மா வாங்கி, நாற்பத்தோரு படங்களையும் ஒன்று விடாமல் அளந்துவிட்டு, முத்திரை குத்தினார்.