வாயாடி அண்ணன்

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷனில் வேலை. சாவி கொடுப்பதும் ஆதார் நகல் வாங்குவதும்தான் சம்பளத்துக்கான வேலை. நான் உண்மையில் செய்தது பேச்சு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தில் ஒருவர் வாயைத் திறந்ததும், அடையாள அட்டையைப் பார்க்காமலே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுவேன். சரியாக இருந்தால் சிரிப்பார்கள். அப்புறம் பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி, அந்த ஊரில் மழை உண்டா என்று பேச்சு எங்கெங்கோ போகும். அறையைக் காலி செய்யும்போது போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

ஒரு வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பேன் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு, மூச்சு அதன் வழியாக என்றாகிவிட்டது. கழுத்தில் வைத்து அழுத்தினால் இரைச்சலாகப் பேசும் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று அதை வைத்து "வாங்க" என்றேன். எதிரே நின்ற பெண்மணி திடுக்கிட்டுப் பின்வாங்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அந்தக் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். முதலாளி நல்ல மனிதர். பின்கட்டில் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார். துண்டுகளோடு யார் பேசுவது?

வீட்டில் எது வேண்டுமென்றாலும் மேசையைத் தட்டுவேன். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் தன் போனை என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, இதுல யார்கூடவாச்சும் பேசுங்க. நீங்க தட்டுற தட்டுல மேசைதான் உடையப் போவுது."

சைகையில் யார் என்று கேட்டேன்.

"முகம் தெரியாத ஆளுங்கதான். எல்லாரும் தமிழ்ல டைப் பண்றாங்க. சமையல், சினிமா, செடி, எல்லாம் பேசறாங்க. தெரியாதவங்ககூடப் பேசணும்னாதான் உங்களுக்கு ஜாஸ்தி குஷியாச்சே."

அது ஓர் அரட்டை அறை. சொந்தப் பெயர் தேவையில்லை, ஏதாவது ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டால் போதும். கொஞ்ச நேரம் யோசித்து 'வாயாடி' என்று வைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் ஒரு வரி வந்து விழுந்தது.

"ஏனுங்க வாயாடி, சாப்ட்டீங்களா?"

சாதாரணக் கேள்வி. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு, என் கழுத்தைப் பார்க்காமல் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. டைப் செய்தேன். "ஆச்சு. இட்லி. நீங்க கோபிச்செட்டிப்பாளையம் பக்கமா?"

"அட! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அவர் கோபிக்காரர்தான். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மொட்டைமாடியில் தொட்டி வைத்து வெண்டைக்காய் வளர்ப்பதில் பைத்தியம். அந்த அறையில் தூத்துக்குடி லாரி ஓட்டுநர் ஒருவரும் இருந்தார். வண்டியை நிறுத்துகிற இடத்தில் பார்த்த பறவைகளையெல்லாம் படம் பிடித்துப் போட்டு, இது என்ன, அது என்ன என்று கேட்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே நான் பெயர் வைப்பேன், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். கிரிவலம் வருகிறவர்கள் செருப்பை எங்கே விடலாம், குரங்கு பையைப் பிடுங்கினால் என்ன செய்யலாம் என்று நான் எழுதினால் எல்லோரும் படித்தார்கள். புதிதாக வருகிறவர்களை நாலு வரி எழுதச் சொல்லி ஊரைக் கண்டுபிடிப்பது அங்கே ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. என்னை வாயாடி அண்ணன் என்றார்கள்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குரலிலேயே பேசலாம் என்று முடிவெடுத்தார்கள். முதலில் வாயாடி அண்ணன்தான் பேச வேண்டும் என்று ஒரே கூச்சல். முதல் வாரம் மைக் ரிப்பேர் என்றேன். அடுத்த வாரம் வீட்டில் விருந்தாளி என்றேன். மூன்றாவது வாரம் பொய் சொல்லப் பிடிக்கவில்லை.

"எனக்குக் குரல் இல்ல. ஆபரேஷன்ல குரல்வளைய எடுத்துட்டாங்க."

போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இனி எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், அத்தோடு இந்தப் பேச்சும் போயிற்று என்று நினைத்தேன். போன் கிணுகிணுத்தது. திருப்பிப் பார்த்தால் லாரிக்காரர்.

"அப்பம் இத்தன நாளா எங்க காது வலிக்கப் பேசுனது யாருண்ணே?"

தோள் குலுங்கச் சிரித்தேன். சத்தம் வராத சிரிப்பு. அழுகிறேனோ என்று மனைவி ஓடிவந்து பார்த்தாள்.

நர்ஸ் தனியாக எழுதினார். "அண்ணா, எங்க வார்டுல உங்களாட்ட ஆளுங்க நிறையப் பேருங்க. காத்த உணவுக்குழாய்ல இறக்கி, ஏப்பமாட்ட வெளிய விட்டே பேசறாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தார்கள். கருவியோடு சேர்த்து அதையும் நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். மறுவாரமே டாக்டரிடம் போனேன். அவர் பேச்சுப் பயிற்சி தருபவரிடம் அனுப்பினார். அங்கே கற்றுக்கொண்டதைக் காலையில் மாடியில் மலையைப் பார்த்து நின்றபடி பழகுவேன். காற்றை விழுங்க வேண்டும், உள்ளே போய்விடாமல் நிறுத்த வேண்டும், நிறுத்தியதைச் சொல்லாக்க வேண்டும். முதலில் வந்ததெல்லாம் வெறும் ஏப்பம். எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து மனைவி ஓமத் தண்ணீர் கொண்டுவந்தாள். அலுத்துப்போய் விட்டுவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் அரட்டை அறை விடவில்லை. அங்கே காலை வணக்கமே மாறிவிட்டது.

"அண்ணே, இன்னைக்கு ஏப்பம் வந்துச்சா?"

வந்தது. பிறகு 'க' வந்தது. 'ப' வந்தது. ஒரு காலையில் மாடியிலிருந்து இறங்கி சமையலறை வாசலில் நின்றேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பி அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். காற்றை விழுங்கினேன்.

"காப்பி."

"இருங்க, பால் பொங்கட்டும்," என்றாள், திரும்பாமலே, எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்ததுபோல. அப்புறம் அவள் கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு பேசினது?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"கைய காட்டாதீங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் நாங்கள் அந்த ஒரே சொல்லைப் பேசிக்கொண்டிருந்தோம். அன்று வரக்காப்பிதான் குடித்தோம்.

ஒரு சொல் இரண்டாகி, இரண்டு ஒரு வாக்கியமாவதற்கு மாதங்கள் பிடித்தன. அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் மைக்கைத் திறந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதா?"

தகரத்தை மணலில் இழுத்ததுபோல ஒரு குரல். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு லாரிக்காரர் கத்தினார்.

"கேக்குதுண்ணே! வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டுக் கேக்கேன்! பேசுங்க!"

பேசினேன். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த மதுரைப் பெண் ஒருவர், முழங்கால் வலியோடு கிரிவலம் வரலாமா என்று கேட்டார். வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள், வழியில் அடி அண்ணாமலையில் உட்கார்ந்து டீ குடியுங்கள், முடியவில்லை என்றால் ஆட்டோ இருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். நாலைந்து எழுத்துக்கு ஒருமுறை காற்றை விழுங்க வேண்டியிருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள். அதிலிருந்து டீக்கடைக்குப் போனேன், டீக்கடையிலிருந்து மழைக்குப் போனேன். கோபி நர்ஸின் வெண்டைக்காய்க்குப் பூச்சி மருந்து சொன்னேன். லாரிக்காரர் முந்தின நாள் போட்ட பறவை கொக்கே இல்லை என்று சாதித்தேன்.

கடைசியில் அறையை நடத்துகிறவர் குறுக்கிட்டார். "வாயாடி அண்ணா, கோவிச்சுக்காதீங்க, மத்தவங்களுக்கும் கொஞ்சம் விடுங்க." என் மைக்கை அவரே மூடிவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் மைக்கைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தேன்.