ஒரே ஒருவர் கேட்ட பாட்காஸ்ட்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காதுக்கு நல்லதாக ஏதாவது கிடைத்தால் அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொன்னதோடு விடமாட்டேன். மறுநாள் போய், "கேட்டீங்களா?" என்றும் விசாரிப்பேன். எனக்கு நண்பர்கள் குறைவாக இருப்பதற்கு இந்த விசாரணைதான் காரணம் என்பது என் மனைவியின் கருத்து.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்போது என்னிடம் ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தின் தமிழ்ச் சேவையில் வாரம் ஒருநாள் நேயர் கடிதங்களை வாசிப்பார்கள். தங்கள் ஊரில் மழை பெய்ததையும், மகளுக்கு வரன் அமைந்ததையும், யாரும் கேட்காமலேயே ஜனங்கள் எழுதிப் போடுவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரரிடம் சிபாரிசு செய்து, பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் பெட்டியை மேலே கொண்டுவந்து தந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, அந்த ஊரில் மழைதான் ஜாஸ்தி போலிருக்கிறது, சத்தம் விடவே இல்லை என்றார். அது மழை அல்ல, சிற்றலையின் இரைச்சல் என்று நான் சொல்லவில்லை.

பிறகு மனைவிக்குக் கல்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. குடியிருப்பில் வீடும் கொடுத்தார்கள். எனக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. காலையில் புதுப்பட்டினம் கூட்டுரோட்டில் அலுவலக வண்டி வந்து நிற்கும். மாமல்லபுரம், பூஞ்சேரி, திருப்போரூர் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். இருபத்திரண்டு பேர் அதில் போய்வந்தோம். பாதிப்பேர் தூங்குவார்கள், மீதிப்பேர் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

பாட்காஸ்ட் என்ற சொல்லை நான் முதலில் கேள்விப்பட்டது அந்தக் காலத்தில்தான். வானொலி நிலையம் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பேசிப் பதிந்து இணையத்தில் போடலாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக் கேட்கலாம் என்றார்கள். இது எனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று தோன்றியது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில் சனிக்கிழமை காலை உட்கார்ந்தால் மதியத்துக்குள் மூன்று பதிவுகளை இறக்கிவிடலாம். நடுவில் மின்சாரம் போனால் இரண்டு.

அப்படித் தேடியபோது கிடைத்தவர்தான் அந்த மனிதர். மதுரைப் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு குளிர்நாட்டில் பொறியாளராக இருந்தார். வாரம் ஒருமுறை, இருபது நிமிடம், தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசுவார். முகப்பு இசை கிடையாது. "வணக்கம். நான் சொல்றது யாருக்காவது உபயோகப்படுமான்னு தெரியல," என்று ஆரம்பிப்பார். பனியில் வண்டி ஓட்டப் பழகியது, முருங்கைக்காய்க்காக இரண்டு மணி நேரம் பயணம் போனது, பக்கத்து வீட்டு நாய்க்குத் தமிழ் புரிய ஆரம்பித்தது, இவைதான் விஷயம். பின்னால் குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். சில சமயம், "பேசினது போதும், சாப்பிட வாங்க," என்று அந்த அம்மாவின் குரல் கேட்கும். அத்துடன் பதிவு முடிந்துவிடும்.

வழக்கம்போல எல்லோரிடமும் சொன்னேன். மனைவி ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, இதை நம் வீட்டிலேயே கேட்கலாமே என்றாள். அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் வேலைபார்த்த ஒரு பெண் எங்கள் வண்டியில் எனக்கு முன் இருக்கையில் வருவார். அவரிடம் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தேன். மூன்று வாரம் விசாரித்தேன். நான்காவது வாரம் அவர் இருக்கையை மாற்றிக்கொண்டார்.

எங்கள் வண்டியின் ஓட்டுநருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் வண்டி ஓட்ட வந்துவிட்டார். இதை அவரே எந்த வருத்தமும் இல்லாமல் சொல்வார். அவரிடம் ஒரே ஒரு சினிமாப் பாட்டுத் தகடு இருந்தது. கீறல் விழுந்து, ஒரு பாட்டு ஒரே வரியில் திருப்போரூர் வரை நின்றுவிட்ட ஒரு காலையில், நான் எழுந்துபோய் என் தகட்டைக் கொடுத்தேன்.

வண்டி முழுக்கப் பாட்டை எதிர்பார்த்திருந்தது. "வணக்கம். இன்னிக்கு எங்க வீட்டு வாஷிங் மெஷின் ஓடல," என்றது ஒலிபெருக்கி.

பின் இருக்கையிலிருந்து நிறுத்தச் சொல்லி முணுமுணுப்பு கிளம்பியது. ஓட்டுநர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். "கம்முனு இருங்கபா. மெஷினு ஓடுச்சா இல்லியான்னு தெரிய வாணாமா?"

மெஷின் கேளம்பாக்கம் வரை ஓடவில்லை. மாலையில் திரும்பும்போது அவராகவே தகட்டில் இருந்த மீதிப் பதிவுகளைப் போட்டார். பூஞ்சேரி தாண்டியதும் மெஷின் ஓடியது. மனிதவளப் பெண் உள்பட நான்கு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை காலை புதுத் தகடு கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று. ஓட்டுநர் அந்த மனிதருக்குப் 'பனி அண்ணாத்த' என்று பெயர் வைத்தார். அவர் மனைவியை அக்கா என்றார். அவர் என் சொந்தக்காரரா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றதும், யாரென்றே தெரியாத ஆளுக்காக வாரா வாரம் இவ்வளவு சிரமப்படுகிறேனே என்று பரிதாபப்பட்டார். வண்டிக்குள் பேச்சே மாறிவிட்டது. பக்கத்து வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லாத வாரம் இரண்டு பேர் சரியாகச் சாப்பிடவில்லை. என் பதினைந்து வருட சிபாரிசு வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது, நீங்களா ஜெயித்தீர்கள், கீறல்தானே ஜெயித்தது என்றாள் மனைவி.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை புதுப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ரசம் வைப்பதைப் பற்றிப் பேசினார். மாமல்லபுரத்தில் ஆள் ஏற்ற நிறுத்திய ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், அக்கா சத்தம் இல்ல."

நான் கவனித்திருக்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டோம். குளிர்பதனப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழவில்லை, கரண்டி விழவில்லை. சாப்பிடவும் யாரும் கூப்பிடவில்லை. இருபது நிமிடம் ஆனதும் அவரே நிறுத்தியிருந்தார்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். பிறகு பதிவே வரவில்லை. வண்டியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஊருக்கு வந்திருப்பார், மகள் பிரசவத்துக்குப் போயிருப்பார், சண்டையாக இருக்கும். சண்டை என்று சொன்னவரை மனிதவளப் பெண் முறைத்தார். "வூட்ல பொம்பள இருந்தா அந்தாளு ரசம் வெச்சுகினு இருப்பாரா? இன்னாவோ ஆயிடுச்சு," என்றார் ஓட்டுநர்.

பதிவுகள் வந்த பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவருடைய நடை, எளிமை, ஒலிப்பதிவின் இயல்புத்தன்மை என்று மூன்று பகுதியாகப் பிரித்திருந்தேன். வண்டியில் வாசித்தேன்.

"அக்கா எப்பிடி கீறாங்கன்னு ஒரு வரி போடு சார். மீதியெல்லாம் எதுக்கு?" என்றார் ஓட்டுநர்.

அந்த ஒரு வரியையும், நாங்கள் யார், எந்த வண்டியில் கேட்கிறோம் என்பதையும் மட்டும் எழுதி அனுப்பினேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது. அச்செடுத்துக்கொண்டு போனேன். ஓட்டுநர் பூஞ்சேரி தாண்டி ஒரு சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நான் நின்றுகொண்டு வாசித்தேன். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கையும் பேச்சும் போயிருந்தன. மருத்துவமனையிலிருந்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், ஒவ்வொரு சொல்லாகப் பேசிப் பழகுகிறார். முதல் மூன்று வாரம் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பதிந்தாராம். பிறகு யாருக்காக என்று தோன்றி விட்டுவிட்டாராம். பதிவுகளை எத்தனை பேர் இறக்குகிறார்கள் என்று காட்டும் ஒரு கணக்கு அவருக்கு வரும். இந்தியாவிலிருந்து வாரம் தவறாமல் ஒரே ஒருவர். அது தன் மைத்துனர் என்று நினைத்திருந்தார். எங்கள் கடிதம் வந்தபின் மைத்துனரிடம் கேட்டால், அவர் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்றாராம். கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். தன் சத்தம் இல்லாததைக் கண்டுபிடித்தது யார் என்று அந்த அம்மா கேட்டாராம். அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று என்று எழுதியிருந்தார்.

ஓட்டுநர் கீழே இறங்கிப்போய் நான்கு டயரையும் பார்த்துவிட்டு வந்தார். டயரில் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது, திருப்போரூரில் நெரிசல் என்று இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னோம்.

தைமாதம் அவர்கள் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்தார்கள். ஒரு சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார்கள். ஓட்டலில் சாப்பிடலாம் என்றேன். ஓட்டுநர் கேட்கவில்லை, தன் வீட்டில்தான் என்றார். குப்பத்துக்குள் கார் வராது. சிமெண்டுச் சாலை முடிகிற இடத்திலிருந்து அவர் வீடு வரை, அந்த அம்மா மணலில் தடுமாறக் கூடாது என்று, யார் யார் வீட்டிலிருந்தோ பலகைகளை வாங்கி வரிசையாகப் போட்டுவைத்திருந்தார்.

நான், என் மனைவி, மனிதவளப் பெண் மூவரும் போயிருந்தோம். வாரம் இருபது நிமிடம் பேசிய மனிதர் வணக்கம் என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் பதினோரு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை என்றார். நாயைப் பற்றிய கேள்விக்கு மட்டும், "நல்லாருக்கு," என்றார்.

அந்த அம்மாதான் பேசினார். ஒரு சொல், பிறகு ஓர் இடைவெளி, பிறகு அடுத்த சொல். நாங்கள் எல்லோரும் மரியாதைக்காக முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துக்கொடுத்தோம். ஓட்டுநர் முடித்துக்கொடுக்கவில்லை. சாலையில் முன்னால் ஒரு லாரி போனால் பொறுக்காத மனிதர், கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

ஓட்டுநரின் மனைவி சங்கராமீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிடும்போது அந்த அம்மா ஓட்டுநரைப் பார்த்து, அவருக்கு எந்தப் பதிவு மிகவும் பிடித்தது என்று கேட்டு முடித்தார்.

ஓட்டுநர் யோசித்தார். "நீங்க பாத்திரம் கழுவறதெல்லாம் நல்லாருக்கும்கா," என்றார்.

அந்த அம்மா சிரித்தார். பேச்சுதான் தடைபட்டிருந்தது, சிரிப்புக்குத் தடையொன்றும் இல்லை. வெகுநேரம் சிரித்தார். அவர் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனார். மீன்முள் ஏதாவது சிக்கிக்கொண்டதோ என்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். படகுகளுக்குப் பக்கத்தில் கையைக்கூடக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அவ சிரிச்சு அஞ்சு மாசம் ஆச்சு," என்றார்.

கேள்வித்தாள் என் சட்டைப்பையில் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி அங்கேயே தோன்றியிருந்தது. கேட்கவில்லை. தண்ணீரை அவர் கையில் ஊற்றினேன்.

அவர்கள் திரும்பிப்போன இரண்டாவது வாரம் புதுப் பதிவு வந்தது. முப்பத்தொரு நிமிடம். அதற்கு முன் அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பலகை வரிசையைப் பற்றி நான்கு நிமிடம், மீன் குழம்பைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினார். கடலுக்குப் போக முடியாத மீனவரைப் பற்றி, அவர் வண்டியைப் பற்றி, அவர் காதைப் பற்றிப் பேசினார். என்னைப் பற்றியும் வந்தது. "கூட ஒரு மென்பொருள்காரரும் வந்திருந்தார். நிறைய கேள்வி கேட்டார்."

வண்டியே சிரித்தது. ஓட்டுநர் அந்த இடத்தை மட்டும் பின்னால் தள்ளி இரண்டுமுறை போட்டார்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் பேசினார். அந்த அம்மாவின் சத்தம் முதலில் தட்டில் வைக்கும் ஒரு டம்ளராக வந்தது, பிறகு மெதுவாகப் பாத்திரங்களாயிற்று. தண்ணீர் விழும் சத்தம் கேட்ட அன்று வண்டியில் கைதட்டினார்கள். பிறகு அவர்கள் வேறு ஊருக்கு மாறினார்கள். இனிமேல் பதிவு வராது, இருவரும் நன்றாக இருக்கிறோம், பயப்பட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அதனால் யாரும் பயப்படவில்லை.

நான் உடனே வேறொன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். பேராசிரியர் ஒருவர் வரலாறு பற்றிப் பேசுவது. நல்ல குரல், நல்ல தமிழ், துல்லியமான ஒலிப்பதிவு. திங்கட்கிழமை தகட்டைக் கொடுத்தேன். ஓட்டுநர் மாமல்லபுரம் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு வெளியே எடுத்துத் தந்தார்.

"நல்லாத்தான் பேசறாரு. ஆனா இவரு வூட்ல யாருமே இல்ல போல கீது சார்."

வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டேன். அவர் சொன்னது சரிதான். அடுத்த சனிக்கிழமை மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். மின்சாரம் போவதற்குள் இரண்டு கிடைத்தது.