முதல் பேருந்தும் எட்டு மணித் தூக்கமும்

ஜூலை பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஏழு ஐம்பது. என் அறையின் மேல்தளத்திலிருந்து பெயர்ந்த சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. ஒரு வாரமாகவே அந்த வேளையில் மேல் வீட்டில் யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று படியேறினேன்.

கதவைத் திறந்தவர் நாற்பது வயதை எட்டிய பெண்மணி. பேருந்து ஓட்டுநரின் காக்கிக் கால்சட்டையும் வீட்டில் போடும் பழைய சட்டையுமாக நின்றார். அவருக்குப் பின்னால் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, பார்வையெல்லாம் எரிச்சல்.

“கீழ் வீட்டு சாரா? கொஞ்சம் பொறுத்துக்குங்க சார், இதோ முடிஞ்சிடும். இவ தூங்கினாத்தான் நான் தூங்க முடியும். நான் தூங்கினாத்தான் காலையில முதல் பஸ் ஒழுங்காப் போகும்.”

“சார், நீங்களாவது சொல்லுங்க” என்றாள் மகள், கயிற்றை நிறுத்தாமலே.

தேநீரில் சுண்ணாம்பு விழுந்ததை மட்டும் சொன்னேன். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டுவிட்டு வந்தேன்.

பணிமனையில் அவருக்கு ‘அலாரம்’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை என்பதால் வந்த பெயர் அது. நடத்துநராகச் சேர்ந்து, ஓட்டுநர் உரிமம் வாங்கி, பின்னர் முதல் பேருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். மற்றவர்கள் தலையில் கட்டினால்தான் ஏற்கும் வண்டி அது. விடியுமுன் கிளம்பும் அந்த வண்டியில் மருத்துவமனைச் செவிலியர், சந்தைச் சுமைதூக்குவோர், அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்கள் என ஊர் விழிக்குமுன் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். “நம்மள நம்பித் தூங்குறாங்க, அதவிட என்ன மரியாதை வேணும்?” என்பார் அலாரம்.

அந்த வண்டிக்காக அவர் இரவு எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும். வீடு ஓர் அறையும் சமையலறையும்தான். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆண்டுக்கு ஒருமுறை வந்து, வீட்டுச் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போவார். ஆகவே வீட்டின் கடிகாரம் அம்மாவின் கடிகாரமே. அம்மா படுத்தால் விளக்கு அணையும். சிறு வயதில் மகளுக்கு இதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை. தாயை முந்திக்கொண்டு தூங்கிவிடுவாள். பள்ளியில் தினமும் மாலையில் கைப்பந்து ஆடுவாள். அந்த அலுப்புக்குப் படுத்ததும் அடித்துப்போட்டதுபோல் தூக்கம் வரும்.

பத்தாம் வகுப்பில் டியூஷன் வந்தது, கைப்பந்து நின்றது. பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் மகள் வீட்டுக்கு வந்தாள். அந்நேரம் காலைப் பணி முடிந்து அம்மா குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மகளும் பக்கத்திலேயே சாய்ந்தாள். அம்மாவின் தொழிலுக்கு வாய்த்த பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பகலில் தூங்கியவளுக்கு இரவு எட்டு மணி என்ன செய்யும்? புரண்டாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், பெருமூச்சு விட்டாள். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அருகில் படுத்திருந்த தாய் விழித்தார்.

அலாரம் முதலில் கைபேசியைத்தான் சந்தேகித்தார். அதைப் பிடுங்கித் தம் பணிப்பையில் வைத்துப் பூட்டினார். அதனாலும் தூக்கம் வரவில்லை. பிறகுதான் விளையாட்டு நின்றதிலிருந்து இந்தத் தொல்லை என்று அவருக்கு உறைத்தது. காரணத்தைச் சரியாகவே பிடித்தார். மருந்தை வேளை தவறிக் கொடுத்தார். டியூஷன் முடிந்து மகள் திரும்பியதும் கையில் கயிற்றைக் கொடுத்து, நாக்குத் தள்ளுமளவு தாண்டச்சொல்லி, மூச்சு வாங்குவது நிற்குமுன்பே பாயை விரித்தார். என் தேநீரில் சுண்ணாம்பு விழுந்தது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, மருத்துவமனை அருகேயிருந்த சிக்னலில் பச்சை விழுந்த பின்னும் முதல் பேருந்து நகரவில்லை. நடத்துநர் பையன் முன்னால் வந்து இருக்கைக் கம்பியைத் தட்டினான். “அக்கா, பச்சை விழுந்து ஒரு யுகம் ஆச்சு” என்றான். கண் அயர்ந்தது அலாரத்துக்கே தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், விழித்திருந்த பயணி ஒருவர் பணிமனைக்குப் புகார் செய்துவிட்டார். பணிமனைப் பொறுப்பாளர் அலாரத்தை முதல் பேருந்திலிருந்து இறக்கி, வராதவர்களுக்குப் பதிலாக வண்டி எடுக்கும் மாற்றாள் வரிசையில் உட்காரவைத்தார். மாதம் முடிவதற்குள் தூக்கம் சரியானால் வண்டி திரும்பக் கிடைக்கும். இன்னொரு முறை இப்படி நடந்தால் வண்டி கழுவும் பக்கம்தான் என்று சொல்லிவிட்டார்.

அலாரம் வீட்டுக்கு வந்து, நடந்ததை மகளிடம் ஒளிக்காமல் சொன்னார். சொன்னவர், அன்று முதல் கயிறு தாண்டுவதை இரு மடங்காக்க வேண்டும் என்றும் முடிவு கட்டினார். மகள் கயிற்றைக் கீழே போட்டாள்.

“டிப்போவுக்குள்ள வந்ததும் இன்ஜினை ஆஃப் பண்ணாதே, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவைன்னு புது டிரைவருக்கெல்லாம் நீதானேம்மா சொல்லித் தர்றே? என்னை மட்டும் குதிக்க வெச்சு, உடனே படுக்க வெச்சு, ‘ம், ஆஃப்’ங்கறே. நான் என்ன பஸ்ஸைவிட மட்டமா?”

அலாரமே கயிற்றை எடுத்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாராம். பிறகு, “இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” என்றாராம். “குதிச்சிட்டிருக்கும்போது பேச மூச்சு வந்தாத்தானே” என்று மகள் சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி இதைச் சொன்னபோதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இனி உங்கள் சுண்ணாம்புக்கு ஆபத்தில்லை சார் என்றார்.

அவர் பள்ளிக்குச் சென்று கைப்பந்துப் பயிற்சியாளரைப் பார்த்தார். போட்டிக்கெல்லாம் வேண்டாம், டியூஷனுக்கு முன் மாலையில் கொஞ்ச நேரம் சின்னப் பிள்ளைகளோடு ஆடவிடுங்கள் என்று கேட்டார். பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். பகல் தூக்கம் தானாக நின்றது. வியர்வையோடு வருகிறாள் என்று டியூஷன் ஆசிரியை அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். வகுப்பிலேயே காற்று வரும் இடம் அதுதான் என்று மகள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அதற்காக அவள் எட்டு மணிக்குத் தூங்கிவிட்டாள் என்று எழுதினால் அது பொய்யாகும். அந்த வயதின் தூக்கம் அம்மாவின் பணிநேரத்துக்கு இணங்கவில்லை. அலாரம் அதையும் ஏற்றுக்கொண்டு, மகளின் பாயைச் சமையலறைக்கு மாற்றி, அங்கே ஒரு சிறு விளக்கும் போட்டுக்கொடுத்தார். மகள் பத்து மணிவரை படித்துவிட்டுப் படுப்பாள். படுத்தால் விடியும்வரை புரளமாட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் தாயும் இடையில் விழிக்காமல் உறங்கினார்.

ஆனால், இந்த மாற்றம் பிடிபடப் பல நாள் ஆயிற்று. பொறுப்பாளர் கொடுத்த கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பணிமனையில் எல்லாரும் அலாரத்துக்கு ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: ‘அரைமணி’யிடம் கேள். எங்கும் அரை மணி பிந்தி வரும் இந்த ஓட்டுநர், தம் தந்தை பக்கவாதத்தில் விழுந்தபோது மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைப் பணிகளை அலாரத்திடம் தள்ளியிருந்தார். பணிக்குப் பணி திருப்பித் தருவது அந்தப் பணிமனையில் எழுதாத சட்டம். அரைமணியின் வண்டி மதிய வண்டி. ஒரு வார்த்தை கேட்டால் அது கைக்கு வரும்; முதல் பேருந்தை அவர் எடுத்துக்கொள்வார். எட்டு மணித் தூக்கமே தேவைப்படாது.

அரைமணி தாமாகவே வீடு தேடி வந்தார். படிக்கட்டில் நின்று பேசியது எனக்கும் கேட்டது.

“மதிய வண்டிய எடுத்துக்குங்கக்கா. என் தலையில இருக்கிற பாக்கி தீரட்டும்.”

“காலையில அப்பாவ யார் பாத்துக்குவாங்க?”

அரைமணியின் மனைவிக்கு மருத்துவமனையில் இரவு வேலை. காலை எட்டுக்குத்தான் திரும்புவார்.

“முதல்ல அவர் எழுந்து நடக்கட்டும்ப்பா. உன் பாக்கி எங்கயும் ஓடிடாது.”

கெடு முடியும் நாளில் பொறுப்பாளர் அலாரத்தை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார்; முகத்தில் தெளிவு இருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் முதல் பேருந்து அலாரத்திடம் திரும்பியது. அன்று அந்த வண்டியில் நானும் போனேன். பாதி வழியில் தூங்கிவிட்டேன்.

அரைமணியின் தந்தை அடுத்த ஆண்டே கைத்தடியோடு நடமாடத் தொடங்கினார். அரைமணி அதைச் சொல்லி, எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தார். அலாரம் தலையாட்டுவார், கேட்கமாட்டார். மகள் கல்லூரிக்குப் போனபின் அவர் வேறொரு பணிமனைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கேயும் முதல் பேருந்துதான். ஒரு பணிமனையின் பாக்கியை இன்னொரு பணிமனையில் வசூலிக்க வழியில்லை. விடைபெற்ற அன்று அரைமணி சரியான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றார். அலாரம் அவரிடம் அப்பாவின் உடம்பைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வண்டியேறினார். அந்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கடைசிவரை கேட்கவில்லை.