மணல் மூடிய தண்டவாளம்

வெளிநாட்டில் நாங்கள் இருக்கும் ஆலன் நகரில் இன்று புழுதிக் காற்று. காருக்குள் அந்த மண் வாசனை வந்ததும், மகளிடம் ஜெய்சால்மரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்பாவுக்கு அங்கே ரயில்வே வேலை. மஞ்சள் கல் கோட்டைக்குக் கீழே குடியிருந்தோம். ஒருநாள், திருநெல்வேலியில் அம்மாவின் அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனால், தண்டவாளத்தை மணல் மூடியிருந்தது. வண்டி கிளம்பவில்லை. அப்பாவும் ஆட்களோடு இறங்கி மணலை வாரினார். வார வாரக் காற்று திரும்பக் கொண்டுவந்து கொட்டியது.

சாயங்காலம் அடுத்த தந்தி வந்தது. அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

"போதும், விடுங்க. அப்பா போயிட்டாங்களாம்."

முந்தானையால் அவர் முகத்து மணலைத் துடைத்துவிட்டாள்.

"டிட் ஷி க்ரை?" என்று மகள் கேட்டாள்.

"அவங்க அழல. எங்க அப்பாதான் அழுதார்."