ஒட்வார் கயிறு கட்டிய ஃப்ரீசர்

கீழறையில் நின்ற ஃப்ரீசரை ஒட்வார் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார். படகைத் துறையில் கட்டும்போது போடுகிற அதே முடிச்சு. பக்கத்து வீட்டுக்காரி ஆயிற்றே என்று காயவைத்த மீன் கொடுக்கப் போயிருந்த நான் சிரித்துவிட்டேன்.

"என்னய்யா இது? அவுத்து விட்டா ஓடிப் போயிடுமா?"

"கதவு சரியா மூட மாட்டேங்குது பெத்ரா. குளிரெல்லாம் வெளிய போயிடுது. சிரிச்சது போதும், மீனை வச்சிட்டுக் கிளம்பு."

நான் கிளம்பவில்லை. புருஷன் போன பிறகு எனக்கு வீட்டில் தலைபோகிற வேலை எதுவும் கிடையாது.

ஒட்வார் ஆயுள் முழுக்க மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். எஞ்சின் இருமினால் எங்கே கோளாறு என்று மேல்தளத்தில் நின்றபடியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் கயிற்றை எடுத்ததற்குக் காரணம் அவர் பெண்டாட்டி ராக்னா. "கதவை மூடித் தொலைய்யா!" என்று அவள் கத்தாத நாள் கிடையாது. வீட்டுக் கதவு, அலமாரிக் கதவு, கார்க் கதவு எதையும் அவர் முழுதாக மூடியவரில்லை. அதனால்தான் ஃப்ரீசரில் மீன் இளகியதும் தப்பு தன்னுடையதே என்று முடிவு கட்டிவிட்டார். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளே வெந்நீர்ச் சட்டி வைத்துப் பனியைக் கரைத்தார். சில வாரம் நன்றாக ஓடியது. மறுபடி இளகியது. கதவு ரப்பரை மாற்றினார். மறுபடி இளகியது. கடைசியில் கயிறு.

ராக்னா இப்போது திட்டுவதில்லை. போன இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். நினைவு கலைந்துவிட்டது. ஒட்வார் பார்க்கப் போனால் குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து, "சமையலறை அந்தப் பக்கம்" என்று கைகாட்டுவாள்.

உள்ளே இருந்தது மீன் மட்டும் என்றால் ஒட்வார் இப்படித் தவித்திருக்க மாட்டார். ராக்னா கடைசியாகப் பறித்துவந்த முல்ட்டே பழம் அதற்குள் இருந்தது. இரண்டு டப்பா. சதுப்பில் தண்டுக்கு ஒன்றாகப் பழுக்கிற பழம். எங்கள் பக்கத்தில் சம்பளத்தைச் சொல்லுவார்கள், வியாதியைச் சொல்லுவார்கள், முல்ட்டே பறிக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். ராக்னா என்னிடம் சொன்னதில்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை. அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டும் ஒட்வார் அவளைப் படகில் எதிர்க்கரைக்குக் கொண்டுபோவார். வாளியோடு இறங்குகிறவள், "கடலைப் பாத்து உக்காரு. திரும்பிப் பாத்தா பழம் கிடையாது" என்பாள். மழையானாலும் அவர் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். வாளி நிறைந்ததும் வருவாள். அந்த இடம் இன்னும் அவள் தலைக்குள் எங்கேயோ கிடக்கிறது. யார் போய் எடுப்பது? மிச்சம் இருந்தது அந்த இரண்டு டப்பாதான்.

"கயித்தை அவுரு" என்றேன்.

மீன் ஆலையின் குளிர்க் கிடங்கில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். பனி எங்கே பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"கதவோரத்தைப் பாரு. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. வெளிக்காத்து உள்ள வந்தா இங்கதானே பனி பிடிச்சிருக்கணும்? பின்பக்கப் பலகையைப் பாரு, எப்படி வீங்கி நிக்குது. உன் பனி மொத்தமும் அதுக்குப் பின்னால இருக்கு."

அவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "அப்போ தப்பு என்னோடதில்லையா?"

"இது ஒண்ணு மட்டும் உன்னோடதில்ல. மத்ததெல்லாம் உன்னோடதுதான்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போயிற்று. ராக்னாவின் திட்டில் மிச்சம் இருந்ததையும் நான் பிடுங்கிவிட்டேன் போலிருக்கிறது.

சாமான்களை வெளியே எடுத்தோம். மேல்தட்டு டப்பாவில் பழம் குழைந்து சாறு விட்டிருந்தது. அடித்தட்டு டப்பா இன்னும் கல்லாக இருந்தது.

"குடு, என் பெட்டியில வைக்கிறேன்."

"உன் பெட்டி மீன் நாத்தம் நாறும்."

"உன்னை விடவா?"

மூடியை நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பலகையைக் கழற்றியிருந்தார். குளிர்க் குழாய்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர் நின்றது. காற்றாடி பனியில் சிக்கி நின்றுபோயிருந்தது. காற்று வராவிட்டால் மீன் எப்படி உறையும்? ராக்னாவின் தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்து பனியைக் கரைத்தார். அதன் வாயில் நரைமுடி இரண்டு சிக்கியிருந்தது. அதை எடுக்காமலே வேலை செய்தார்.

"இது தானே பனியைக் கரைச்சுக்கிற பெட்டியாம். அப்படிச் சொல்லித்தான் வித்தான்" என்றார். "கரைக்கிற ஹீட்டர் செத்துப்போச்சோ என்னவோ."

கரண்ட் சோதிக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டர் கம்பி அறுந்திருக்கவில்லை. பிறகு குழாயின் மேலே கவ்வியிருந்த ஒரு சின்ன சாமானைக் கழற்றினார். மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும், பின்னால் இரண்டு கம்பி.

"இது சென்சார். குழாய் எவ்வளவு குளிர்ல இருக்குன்னு பெட்டிக்குச் சொல்றது இதுதான். பனி கரைஞ்சு குழாய் சூடானா இது சொல்லும், பெட்டி ஹீட்டரை அணைக்கும்."

மீட்டரை அதன் கம்பிகளில் மாட்டி, சென்சாரை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். சூடு பட்டால் மீட்டரில் எண் இறங்க வேண்டும். மாறவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார். எண் அப்படியே நின்றது. ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கினார். அதே எண்.

"மேல் தோல் வெடிச்சிருக்கு பாரு. தண்ணி உள்ள போயிருக்கு. பெட்டி எப்பக் கேட்டாலும் 'எல்லாம் கரைஞ்சாச்சு, சூடா இருக்கு'ன்னே சொல்லியிருக்கு. ஹீட்டர் மூட்டின கையோட அணைஞ்சிருக்கு. இதுக்கு எப்பவும் கோடைதான்."

சொல்லிவிட்டும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. மறுபடி கைக்குள் பொத்திக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுய்யா. செத்தது செத்ததுதான். புதுசுக்குச் சொல்லிவிடு."

புதியது தபாலில் வர வேண்டும். குழைந்த பழம் அதுவரை தாங்காது. திரும்ப உறைய வைத்தால் வெறும் கூழ். கிறிஸ்துமஸுக்கு என்று வைத்திருந்தாராம்.

"யாரோட கிறிஸ்துமஸ் கொண்டாடப் போற, இந்த ஃப்ரீசரோடயா? நாளைக்கே எடுத்துட்டுப் போய் அவளுக்குக் குடு" என்றேன்.

மறுநாள் க்ரீம் அடித்து, பழத்தைக் கலந்து, நானும் கூடப் போனேன். ராக்னா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒட்வாரைப் பார்த்ததும், "சமையலறை அந்தப் பக்கம்" என்றாள். அவர் ஸ்பூனை நீட்டினார்.

வாங்கிச் சப்பினாள். கண்ணை மூடினாள். திறந்தபோது பழைய ராக்னாவின் முறைப்பு.

"இது எங்க பறிச்சது?"

"உனக்குத் தெரியலையா?" என்றார் ஒட்வார்.

"தெரியாம என்ன! இது என்னோட இடம். திருட்டுப் பயலே, யாருய்யா உனக்குக் காட்டிக்குடுத்தது?"

"உன் புருஷன் காட்டியிருப்பாரோ என்னவோ" என்று நான் வாயை விட்டேன்.

"அவருக்கே தெரியாது! அவரு படகுல உக்காந்திருக்காரு. திரும்பிப் பாக்க மாட்டாரு, அவ்வளவு நல்ல மனுஷன்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோபம் இறங்கிவிட்டது. "நீ கீழ போறவன்தானே? அவர்கிட்ட சொல்லிடு. வாளி பாதிதான் ஆயிருக்கு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. பாவம், குளிரும் அவருக்கு."

"சொல்லிடறேன்மா" என்றார் ஒட்வார்.

கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினார். வெளியே வந்து காரில் ஏறியவர் கதவை மூட மறந்துவிட்டார். நான் சுற்றிவந்து மூடினேன். திட்டவில்லை.

தபால் வந்ததும் புது சென்சாரை மாட்டினார். அதற்கு முன் அதையும் கையில் பொத்திப் பார்த்தார். எண் சரசரவென்று இறங்கியது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"கரையுது, கேட்டியா?"

கேட்டது. இரண்டாவது டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். கயிறு படகுக்குத் திரும்பியது.

ஆகஸ்டில் படகை எடுத்தார். நானும் வாளியோடு ஏறிக்கொண்டேன். எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; ராக்னாவின் இடத்தின் மேல் இளவயதிலிருந்தே எனக்கு ஒரு கண். அவள் இறங்குகிற பாறையில் படகைக் கட்டிவிட்டு, ஒட்வார் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.

"வாய்யா, தேடிப் பாக்கலாம். இந்த மேட்டைத் தாண்டித்தான் இருக்கணும்."

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"இப்போ யாருய்யா பாக்கப் போறா?"

நான் ஒரு காலைப் பாறையில் வைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டேன். அவர் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். காற்று எலும்பைத் துளைத்தது.

"குளிருதுய்யா, கிளம்பு" என்றேன்.

"கொஞ்சம் பொறு" என்றார் ஒட்வார். "வாளி பாதிதான் ஆயிருக்கும்."