மரியாதையாக ஊதாதீர்கள்

பதினான்காம் படியில் செருப்புச் சத்தம் நின்றது. அறைக்குள் அட்டைக்குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த ரம்லா தலையை நிமிர்த்தவில்லை. "நந்திதா, ஒரு சேரை எடுத்துப் போடு கண்ணு. அவங்க நின்னு மெதுவா வரட்டும்" என்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் குரல் கொடுத்தார். ஆர்.எஸ்.புரத்து அந்த நுரையீரல் மருத்துவமனைக்கு இருபத்திரண்டு படிகள். லிஃப்டும் இருக்கிறது, ஆனால் அதில் வருகிறவர்களை ரம்லாவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பாதிப் பரிசோதனை படியிலேயே முடிந்துவிடுகிறது என்பது அவர் கட்சி.

பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. வருகிறவரின் மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை அளக்கும் இயந்திரத்தின் குழாயை வாயில் கொடுத்து ஊத வைப்பது. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சாகப் பலமாக ஊதி, ஆறு நொடி விடாமல் பிடிக்க வேண்டும். முதல் நொடியிலேயே முக்கால்வாசிக் காற்று வெளியேறிவிட்டால் மூச்சுக்குழல்கள் நன்றாகத் திறந்திருக்கின்றன என்று பொருள். "ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று கூடவே தன் மூச்சையும் ஊதித் தீர்ப்பார் ரம்லா. ஒரு நாளைக்கு முப்பது பேர், ஆளுக்கு மூன்று முறை. கோட்டைமேட்டு வீட்டுக்குப் போனதும் அரை மணி நேரம் யாரோடும் பேசமாட்டார் என்று மகள் ஃபஹீமா சொல்லிச் சிரிக்கிறாள்.

உள்ளே இருந்ததை எல்லாம் ஊதிவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கும். தங்காவிட்டால் நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். "அது குடியிருக்கிற காத்துங்க. நான் கேக்கறது வந்துபோற காத்தைத்தானுங்க" என்பார்.

அன்று வந்தவர்களில் பல்லடம் தம்பிதுரை ஒருவர். விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர், வயது அறுபது. பித்தப்பையில் கல். ஒரு மாதமாக வலியில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அறுவை செய்ய வேண்டிய மருத்துவரோ, நாற்பது வருடம் பஞ்சுத் தூசியில் நின்ற நெஞ்சு இது, மூச்சு தேறினால்தான் மயக்க மருந்து என்று கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு முறை ஊதியாயிற்று. இரண்டும் அவர் வயதுக்கு வர வேண்டிய அளவில் பாதியைத் தாண்டவில்லை. வாசலில் நின்ற மனைவி பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரம்லாவுக்கு எங்கோ இடித்தது. இதே மனிதர் இருபத்திரண்டு படிகளையும் போனில் பேசிக்கொண்டே ஏறியவர். ஒரு சொல்கூட இடையில் அறுபடவில்லை. பிறகுதான் கவனித்தார். ஊதும்போதெல்லாம் தம்பிதுரை முகத்தைத் திருப்பி, கையால் வாயை மறைத்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டதற்கு மூக்குக் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஏனுங்க அம்மணி, பொம்பளைங்க மூஞ்சிக்கு முன்னால எப்பிடிங்க ஊதறது? எச்சல் தெறிச்சுபோட்டா மரியாதையா இருக்குங்களா?"

ரம்லாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. இந்த ஊர் மரியாதை பேச்சோடு நிற்காமல் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டதே!

"பொய் சொல்றது மெசின் இல்லீங்க, உங்க மரியாதைதானுங்க" என்றார். எழுந்து தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "இப்ப இங்க யாருமே இல்லீங்க. நல்லா இழுத்து ஊதுங்க."

நெஞ்சு நிறைவது கேட்டது. அடுத்த நொடி குழாய் அதிர்ந்தது. சுவரைப் பார்த்தபடி ரம்லாவும் கூடவே ஊதினார். கடைசிவரை ஒரு விசில்கூட இல்லாத, தெளிவான மூச்சு. கல்லை எடுக்க இனித் தடையில்லை என்று திரையைப் பார்க்காமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறாவது நொடியில் இயந்திரம் மணியடித்தது. தம்பிதுரை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று ரம்லா திரும்பவில்லை. தன் மூச்சு முழுக்கத் தீர்ந்துபோன பிறகும், வலக்கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, இன்னும் இன்னும் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார்.